காலடிச் சத்தம் இல்லாத பேய்கள்

என் காது போய்க்கொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் என்னை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒரு பெண்.

நான் பதினெட்டு வருடங்களாகப் பேய்க் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் எழுதுகிறேன், ஓர் ஆண் பெயரில். முதலில் மாத நாவல்களுக்கு எழுதினேன். அவை ஒவ்வொன்றாக நின்ற பிறகு, கைபேசியில் வாரம் ஓர் அத்தியாயம் வெளியிடும் ஒரு செயலிக்கு எழுதுகிறேன். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீடு. கல்யாணம் ஆகவில்லை. தம்பி ஓசூரில் இருக்கிறான். நான் எழுதுவது கம்பெனியிலும் தெருவிலும் ஒருவருக்கும் தெரியாது. தெரியப்படுத்த வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

செயலியின் ஆசிரியர் என் வயதில் பாதி இருக்கும் பெண், போனில் மட்டும் பழக்கம். ஒருநாள் போன் செய்தார்.

"மேம், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? கடைசி மூணு கதையிலயும் உங்க பேய்க்குச் சத்தமே இல்ல. கவனிச்சீங்களா?"

"சத்தம் இல்லன்னா?"

"மாடிப்படியில காலடி இல்ல. கதவு கிறீச்சுங்கல. யாரும் காதுக்குள்ள முணுமுணுக்கல. எல்லாம் நிழல், நாத்தம், சில்லுனு காத்து. முன்னாடி உங்க கதையில சத்தம்தான் பயமா இருக்கும்."

"ஒரு மாறுதலுக்காகத்தான்" என்றேன்.

போனை வைத்த பிறகு பழைய கதைகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு கதையில், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் சத்தத்துக்கு நடுவே யாரோ குளிக்கும் சத்தம். இன்னொன்றில், ஆளில்லாத மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம். அதற்கென்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். எழுதியவள் நான்தான். ஆனால் அந்தச் சத்தங்களைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. என் தலைக்கு மேல் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் நாற்காலியே இழுப்பதில்லையா?

அதுவரை எனக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. கம்பெனியில் பேச்சு எனக்கு நன்றாகவே கேட்டது. இயந்திரங்கள் இடித்துக்கொண்டே இருக்கும் பிரஸ் ஷாப் பக்கத்தில்தான் என் மேசை. அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அந்த இரைச்சலில் அவர்கள் சொல்வது எனக்குத் தெளிவாக விழுந்தது. நிசப்தமான அறைகளில்தான் கேட்கவில்லை. கோயிலில், வங்கியில், டாக்டரின் அறையில் மனிதர்களின் உதடு அசையும், சொல் வராது. என் குரல் மட்டும் மண்டைக்குள் பெரிதாக ஒலித்ததால், நானும் சன்னமாகவே பேசினேன். அதை அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. கொரட்டூரில் ஏறி நெமிலிச்சேரியில் இறங்குவேன். எதிர் நடைமேடையில் வரும் வண்டியில் திரும்பிவிடுவேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஓடும் பெட்டியின் தடதடப்பில் மனிதர்கள் குரலை உயர்த்திப் பேசுவதைக் கேட்கத்தான் போனேன். ஆவடியில் ஏறும் பெண்கள் சம்பந்தி வீட்டுச் சண்டையைச் சொல்வார்கள். பட்டாபிராமில் ஏறும் கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கிண்டல் செய்வார்கள். நான் ஜன்னலோரம் தலையைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். கம்பெனிக்கு வெளியே, வாரத்தில் நான் கேட்ட மனிதப் பேச்சில் பாதி அந்த ஒன்றரை மணி நேரத்தில் கேட்டதாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயம் நான் ஒரு விஞ்ஞானத் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். ஆழ்கடலுக்கு அடியில் ஓர் இரும்பு நிலையம். அதில் ஒரு பெண்ணுக்கு, சுவரில் காதை வைத்தால் எந்த இடத்தில் எப்போது விரிசல் விடும் என்று கேட்கும் திறமை. அவள் "பத்திரம்" என்று சொன்னால்தான் மற்றவர்கள் தூங்கப் போவார்கள். ஒருநாள் அவள் காதை வைக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளோ "பத்திரம்" என்று சொல்லிவிடுகிறாள். ஏழாவது அத்தியாயத்தை அப்படி முடித்திருந்தேன்.

திகில் கதைகளில் திறமை மங்குகிறவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதலில் மறைப்பார்கள். கைநடுக்கம் வந்த மந்திரவாதி, இன்னும் ஒரே ஓர் ஆவியைக் கட்டிவிட்டு ஓய்ந்துவிடலாம் என்று தனியாகக் கிளம்புவான். கண் மங்கிய விமானி புயலுக்குள் போவான். மறைத்தால்தான் ஆபத்தான முடிவை எடுப்பார்கள், எடுத்தால்தான் கதை நகரும். "இவ ஏன் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறா, லூசா?" என்று வாசகர்கள் பின்னூட்டத்தில் திட்டுவார்கள். அந்தத் திட்டைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கதை பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

தம்பி ஞாயிறுதோறும் போன் செய்வான். அவன் மெதுவாகப் பேசுகிறவன். "சிக்னல் சரியில்லடா" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

ஒரு காலை வேலைக்குக் கிளம்பி எங்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். யாரோ என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் சாப்பாட்டுப் பை கீழே விழுந்தது. என் தோளை உரசுகிற மாதிரி ஒரு தண்ணீர் லாரி பின்னாலேயே வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி வாயை அசைத்தான். திட்டுகிறான் என்று தெரிந்தது.

இழுத்தவர் எதிர்வீட்டு அக்கா. ஏரித் தண்ணீரில் ஒருகாலத்தில் அவர்கள் குடும்பம் பயிர் செய்த நிலத்தில்தான் எங்கள் அடுக்குமாடி நிற்கிறது. அவர் இப்போது வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். நானும் அவரிடம்தான் வாங்குவேன். முகத்துக்கு நேராக வந்து கேட்டார்:

"இன்னாம்மா, அம்மாம் நேரமா ஆரன் அட்ச்சிகினு வர்றான், காதுல வுயலயா உனுக்கு?"

"ஏதோ யோசனையில வந்துட்டேன்க்கா."

"யோசன இல்ல. நானும் பாத்துகினுதான் கீறேன். மாவு வாங்க வரசொல்லோ, கிரைண்டர் ஓடிச்சுன்னா நல்லா பேசுற. கிரைண்டர நிறுத்திட்டா இன்னா சொன்னாலும் தலைய தலைய ஆட்டுற. டாக்டராண்ட காட்டு மொதல்ல."

கம்பெனியில் இருபத்தாறு வருடம் கூட இருந்தவர்கள் கவனிக்காததை, வாரம் இரண்டு முறை ஐந்து நிமிடம் பார்க்கிறவர் கவனித்திருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வாரம் பாக்கெட் மாவு வாங்கினேன். மூன்றாவது வாரம் டாக்டரிடம் போனேன்.

அவர் ஒரு பொம்மைக் காதைப் பிரித்துக் காட்டி, உரக்கச் சொன்னார். "உள்ள மூணு குட்டி எலும்பு இருக்கும்மா. கடைசி எலும்பு இறுகிப்போச்சு, அசைய மாட்டேங்குது. ரெண்டு காதுலயும். இடதுதான் மோசம். மெஷின் வெச்சுக்கலாம். இல்லைன்னா ஆபரேஷன் பண்ணி, அந்த எலும்ப எடுத்துட்டுச் சின்னதா ஒரு பிஸ்டன் வைக்கலாம்."

பிஸ்டன் என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இறுகிப்போன பாகத்தை எடுத்துவிட்டு வேறொன்று போடுவது எனக்குப் புரிகிற விஷயம்.

"ஆபரேஷன் பண்ணினா கேட்டுருமா?"

"பெரும்பாலும் கேக்கும். ரொம்ப அபூர்வமா, அந்தக் காது சுத்தமா போயிரும். அப்புறம் மெஷின் வெச்சாலும் கேக்காது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க முடிவெடுக்கணும். அவசரமில்ல."

என் கதைகளில் இப்படிப்பட்ட முடிவை ஒரு வரியில் எடுப்பார்கள். 'அவள் ஊசியைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டாள்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். எனக்கோ ஐந்து மாதம் ஆயிற்று. மெஷின் மாட்டினால் கம்பெனியில் தெரிந்துவிடும். கேஜ் கருவியை வைத்து அளப்பது பாதி வேலைதான். ஸ்பிரிங்கை மேசையில் தட்டினால் வரும் சத்தத்தை வைத்தே சரக்கு சரியில்லை என்று சொல்கிறவள் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. அந்தச் சத்தம் எனக்குக் கேட்பது நின்று எத்தனை மாதம் ஆயிற்றோ, அதற்குப் பிறகும் தட்டி, தலையாட்டி, சரி என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தப்பும் நடக்கவில்லை. நடக்கும் முன்பே காதைச் சரிசெய்துவிட்டால் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். ஆபரேஷனுக்குச் சம்மதித்ததில் தைரியத்தைவிட இந்த எண்ணம்தான் அதிகம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிக்கல். கையெழுத்துப் போடச் சொந்தக்காரர் ஒருவர் வேண்டும் என்றார்கள். தம்பியிடம் சொல்ல மனமில்லை. எதிர்வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு நாள் என்கூட வர முடியுமா? அக்கான்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும்."

அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியா?"

"தம்பி இருக்கான். சொல்லல."

"ஏன்?"

"சரியான பிறகு சொல்லிக்கலாம்னு."

 "எனுக்கு எய்தத் தெரியாது. பேரு மட்டும் போடுவேன். பர்வால்லியா?"

அந்த வாரமே தொடரின் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் எழுதி அனுப்பிவிட்டேன். கடலடி நிலையத்தின் மருத்துவன், யாருக்கும் செய்து பார்த்திராத ஒரு சிகிச்சையை அந்தப் பெண்ணுக்குச் செய்கிறான். அவள் கண்விழிக்கிறாள். சுவர் முழுவதும் அவளோடு பேசுகிறது. விரிசல் விடப்போகும் இடத்துக்கு நேராக ஓடிப்போய்க் கையை வைக்கிறாள். எழுதும்போது கண் கலங்கியது. அவளுக்குப் பலிக்கிற மாதிரி எழுதினால் எனக்கும் பலிக்கும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை உள்ளே இருந்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் மேசையில் மயக்கம் கொடுக்கவில்லை. காதை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். முகத்தின் மேல் பச்சைத் துணி. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. திடீரென்று இடது பக்கத்தில் தட்டில் ஏதோ உலோகம் விழுந்தது. அந்தச் சத்தம் பளிச்சென்று, விளக்குப் போட்ட மாதிரி வந்தது. தொடர்ந்து டாக்டரின் குரல், பக்கத்தில் குனிந்து, ரகசியம் சொல்கிற மாதிரி: "கேக்குதாம்மா?"

"கேக்குது."

"இப்ப நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. தண்ணி. ஜன்னல். மாம்பழம்."

"தண்ணி. ஜன்னல். மாம்பழம்."

துணிக்கு அடியில் அழுதேன். யாரோ ரப்பர் செருப்போடு தரையில் நடக்கும் சத்தம் கேட்டது. ஏசியின் உறுமல் கேட்டது. ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் டீ வந்துவிட்டதா என்று கேட்டதும் கேட்டது. பிறகு காதுக்குள் பஞ்சை அடைத்தார்கள், எல்லாம் நின்றது.

வீட்டுக்கு வந்து எட்டு நாள் நன்றாக இருந்தேன். ஒன்பதாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குளியலறை ஒரு பக்கமாகச் சரிந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாந்தி. இடது காதுக்குள் பெரிய இரைச்சல், அருவிக்கு அடியில் நிற்கிற மாதிரி. நகர்ந்து நகர்ந்து வந்து கைபேசியில் எதிர்வீட்டு அக்காவுக்கு அழைத்தேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டோவில் அவர் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பஞ்சை எடுத்தார். மாத்திரைகள், ஊசிகள் கொடுத்தார். பத்து நாள் கழித்துக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்தினேன். இடது காதுக்கு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஹெட்போனைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டியபோதுதான், சோதனை முடிந்துவிட்டது என்று புரிந்தது.

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'நாங்கள் சொன்ன அந்த அபூர்வம் உங்களுக்கு நடந்துவிட்டது. மிகவும் வருந்துகிறேன்.' நான் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம்தான் தொடரின் கடைசி அத்தியாயம் வெளியானது. படுக்கையில் இருந்தபடி பின்னூட்டங்களைப் படித்தேன். 'சூப்பர் முடிவு.' 'அழ வச்சுட்டீங்க சார்.' 'ரிஸ்க் எடுத்தாத்தான் வாழ்க்கை.' ஆசிரியர், என் கதைகளிலேயே அதிகம் பேர் கடைசிவரை படித்தது இதுதான் என்று செய்தி அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அறை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மின்கம்பியில் இரண்டு கிளிகள் அலகைத் திறந்து திறந்து மூடின.

அடுத்த ஒன்றரை மாதம் என் வாழ்க்கையிலேயே மிகவும் தனியான காலம். விடுப்பில் இருந்தேன். தலைசுற்றல் நிற்கும்வரை சுவரைப் பிடித்து நடந்தேன். ஒரு வரிகூட எழுதவில்லை. எதிர்வீட்டு அக்கா தினமும் ரசமோ கஞ்சியோ கொண்டுவந்து வைப்பார். பேச முயல்வார், நான் தலையாட்டுவேன், போய்விடுவார். வலது காதுக்கு மெஷின் வாங்கிய பிறகு நான் செய்த முதல் காரியம் கம்பெனிக்குப் போய் மேலாளரிடம் உண்மையைச் சொன்னது. தட்டிப் பார்த்துச் சரி என்று எழுதிய சரக்கைப் பற்றியும் சொன்னேன். அவர் சரக்குப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு அந்த மாதங்களின் சரக்கில் கிடங்கில் மிச்சம் இருந்ததையெல்லாம் மறுபடி சோதிக்கச் சொன்னார். என்னை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார். அங்கே கதவைச் சாத்திவிட்டால் ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கும் என்று சொல்கிறார்கள்.

ஒரு மாலை மாவு வாங்கப் போனபோது, மெஷின் எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டார்.

"எல்லாம் தகரத்துல பேசுற மாதிரி இருக்கு."

"பயகிடும். லீவுன்னா நாள் முச்சூடும் ஊட்ல குந்திகினு இன்னாதான் பண்ணுவ?"

அன்றைக்கு ஏனோ சொல்லிவிட்டேன். "கதை எழுதுவேன்க்கா. பேய்க் கதை. விஞ்ஞானக் கதை."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒண்ணு சொல்லு பாப்போம்."

பதினெட்டு வருடத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து நான் கதை சொன்னது கிடையாது. கடலடி நிலையத்தையும் அந்தப் பெண்ணையும் சொன்னேன். அவளுக்குக் கேட்காமல் போனது, 'பத்திரம்' என்று பொய் சொன்னது வரை வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு. அம்மாம் பேரு கூடக் கீறாங்களே. ஒருத்தராண்ட கூட ஏன் சொல்லல அவ?"

"சொன்னா அவளை வேண்டாம்னு ஒதுக்கிருவாங்கன்னு பயம்."

"ஒதுக்கினாங்களா?"

 கதையில் அவளை யாரும் ஒதுக்கவில்லை, ஏனென்றால் மருத்துவனைத் தவிர அவள் யாரிடமும் சொல்லவே இல்லை. அக்கா காத்திருந்து பார்த்துவிட்டு, "சரி, அப்பால சொல்லு" என்றார். மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று மாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு எழுதினேன். தொடக்கத்திலிருந்து, சிக்னல் பற்றிச் சொன்ன பொய்கள் உட்பட. அனுப்பிய இரண்டாவது நிமிடம் அவன் போன் வந்தது. எடுக்காமல், 'எழுது, அப்பத்தான் புரியும்' என்று அனுப்பினேன். வெகுநேரம் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். கடைசியில் வந்தது ஒரே வரி: 'சனிக்கிழமை வரேன்.'

வந்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, சோபாவில் என் இடது பக்கம் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி ஏதோ பேசத் தொடங்கினான். எனக்கு ஒரு சொல்லும் விழவில்லை. ஆனால் அவன் கழுத்து நரம்பு புடைத்து அடங்குவது தெரிந்தது. நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டான். நிறுத்த மனம் வராமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவன் முழங்கையைத் தொட்டு, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். எழுந்து வந்து உட்கார்ந்தான். மறுபடி முதலிலிருந்து சொன்னான்.